குங்குமப் பொட்டுக்கு அடியில் இருந்த சீட்டு

அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்தவர்கள்: கோயிலுக்கும் கம்ப்யூட்டர் நிலையத்துக்கும் ஒரே தலைவரான கறுப்பையா, இடுப்பில் சாவியோடு. நிலையத்தை நடத்தும் நிரஞ்சனி, கையில் அறிக்கைக் கோப்போடு. கொழுந்து எடுக்கும் வேலாயி, கையில் குடையோடு. சொல்லாமல் கொள்ளாமல் கண்டியிலிருந்து வந்து இறங்கிய, கம்ப்யூட்டர் கொடுத்த நிறுவனத்து அதிகாரி மோகனராஜ் சேர். அவரை ஏற்றி வந்த லொறிக்காரர் பஹீம், வாசலுக்கு வெளியே. இவர்கள் போக ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறும் நெற்றியில் பட்டையும் பொட்டுமாக.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறைதான் பிள்ளைக்காம்பரா. பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது. காலியான அறைக்கு ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் கொடுத்தது. தோட்டத்துச் சனம் படிக்கட்டும், விண்ணப்பம் போடட்டும், உலகத்தைப் பார்க்கட்டும் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். பேசி முடித்துச் சாவியைக் கறுப்பையாவிடம் கொடுத்ததுதான் பிழை. தூசி படும் என்று அவர் பாதி நாள் திறப்பதேயில்லை. "யாரும் பாவிப்பதில்லை" என்ற பேச்சு கண்டி வரைக்கும் போயிருந்தது.

நிரஞ்சனி பல்லேகலவில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். காலர், காலர், மறுபடியும் காலர். உடம்பு என்ற ஒன்று சட்டைக்கு உண்டு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அதை விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டர் போனால் மறுபடியும் காலர்.

"ஒருத்தராவது பாவிக்கிறத நான் கண்ணால பாக்கணும்," என்றார் மோகனராஜ். "இல்லாட்டி ஆறும் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும். அங்க கேட்டுக்கிட்டே இருக்கிறாங்க. அதான் லொறியோட வந்தேன்."

"தாராளமா பாருங்க சேர்," என்றார் கறுப்பையா. "நாளைக்குக் காலையில."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு சரஸ்வதி பூசை."

அது பார்த்தாலே தெரிந்தது. கம்ப்யூட்டர்களுக்குச் செவ்வந்தி மாலை. மவுஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொட்டு. முன்னால் வாழையிலையில் பொரி, கடலை, அவல், நடுவில் குத்துவிளக்கு. ஒரு ஓரத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளும் ஒரு தையல் மெஷினும் ஏழை உறவினர்கள் மாதிரி ஒதுங்கி இருந்தன. பூசையில் வைத்த சாமானை மறுநாள் படையல் பிரிக்கும் வரை யாரும் தொடக்கூடாது. போன வருசம் ஒருத்தன் பூசையன்று டிரக்டரை எடுத்து வடிகால் கானுக்குள் விட்டான். டிரக்டருக்கு அதற்கு முந்தின மாதமே பிரேக் இல்லை என்பதைத் தோட்டத்தில் ஒருவரும் பேசுவதில்லை.

"தலைவரே, ஒரே ஒரு மெஷின மட்டும்..." என்று இழுத்தாள் நிரஞ்சனி.

"தொட்டுப் பாரு. பூட்டுன பூட்டுத்தான், அப்புறம் இந்தக் கதவு தொறக்காது."

மோகனராஜ் பெருமூச்சு விட்டார். "சரி. அப்ப ஏத்துவோம். பஹீம்!"

பஹீம் வாசல் நிலையைத் தாண்டவில்லை. எட்டிப் பார்த்தார். மாலை, விளக்கு, பொட்டு. செருப்பைக் கழற்றப் போன கால் அப்படியே நின்றது.

"சேர், லொறி ஓட்டத்தான் என்னக் கூட்டி வந்தீங்க. வேற ஆக்கள்ட சாமிச் சாமான்ல கை வெச்சா எங்கட வாப்பா என்ட கைய ஒடைப்பார். நீங்களே தூக்குங்க. நான் கதவத் தொறந்து தாரன்."

எல்லோரும் மோகனராஜைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நானும் தொட ஏலாது," என்றார் கடைசியில். "வீட்டில மனுசி என்ட லெப்டொப்பப் பூசையில வெச்சிட்டா. பேனையையும் வெச்சிட்டா. ஒபிஸ்ல சும்மா குந்திக்கிட்டு இருக்க வெக்கமா இருந்திச்சி. அதான் இன்னைக்கு இங்க வந்தேன்."

வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்கே கத! தொடவும் முடியாது, தூக்கவும் முடியாது. மெஷினுக்கு வந்த வாழ்வப் பாரு."

"சிரிக்காதீங்க அத்த," என்றாள் நிரஞ்சனி.

"நாளைக்குக் காலையில வந்து ஏத்திக்கிறேன்," என்றார் மோகனராஜ். "அதில மாத்தமில்ல."

நிரஞ்சனிக்குக் காதுக்குள் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் பார்வை வேலாயியின் குடையில் விழுந்தது. நல்ல நீளமான குடை, நுனியில் கம்பி, பிடி வளைந்தது.

"தலைவரே, கைதானே படக்கூடாது?"

"ஆமா."

"கொடை?"

கறுப்பையா கண்ணைச் சுருக்கினார். "கொடையும் படக்கூடாது."

"காலையில மானிட்டர் மேல ஏறுன பூனைய நீங்க கம்பால தள்ளுனீங்கல்ல? கம்பு மானிட்டர்ல படலையா?"

"அது பூனைக்காக."

"பூனைக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமாண்ணே?" என்று வேலாயி கிளம்பினாள். "நான் பூனைய விடக் கேவலமா? கோயில் வரி பூனையா கட்டுது?"

கறுப்பையா தாடையைச் சொறிந்தார். கோயில் வரி என்ற சொல்லைக் கேட்டால் அவர் எப்போதும் தாடையைச் சொறிவார். "கொடை பூசையில வைக்கல," என்றார். "அதால ஆயுதமில்ல. சரி. ஆனா ஒரு விரல் பட்டிச்சின்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

குடை நுனியால் மின்சார ஆளியைப் போட்டார்கள். குடை நுனியால் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார்கள். வேலாயி கதவு திறந்திருக்கும் நாளெல்லாம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து பயிற்சி செய்கிறவள்தான். ஆனால் அந்தப் பயிற்சி முழுக்கச் சீட்டாட்டம் என்பது அறிக்கையில் இல்லை. நிரஞ்சனி மூலையில் சாத்தியிருந்த தன் குடையின் வளைந்த பிடியால் மவுஸை நகர்த்தினாள். வேலாயி தன் குடை நுனியால் அழுத்தினாள்.

"எடது பக்கம் புள்ள! எடது!"

"இது எடதுதானே?"

"அது என் எடது. நீ எதுத்தாப்புல நிக்கிற. ஒன் வலதுக்கு வா!"

மவுஸ் பொரிக்குள் போய்த் திரும்பி வந்தது. கடலை சிதறியது. இரண்டு குடையும் மோதிக்கொண்டன. ஒன்று பட்டென்று விரிந்து கறுப்பையாவின் மூக்கை இடித்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே விளக்கைக் காப்பாற்றினார். பஹீம் வாசலில் நின்று, "உம்மா, இன்னும் கொஞ்சம் மேல, மேல!" என்று லொறியைப் பின்னால் எடுக்கிற மாதிரி கைகாட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் வேலாயி ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு இடைஞ்சல். திரைக்கு நடுவில் கறுப்பையா வைத்த குங்குமப் பொட்டு. அது ஒரு சீட்டை முழுசாக மறைத்திருந்தது. துடைக்கவும் முடியாது.

"இதுக்கடியில என்னா இருக்கு? ஒம்பதா, எட்டா?"

"எட்டு," என்றார் கறுப்பையா.

"ஒங்களுக்குச் சீட்டே தெரியாதே!"

"பொட்டு வச்சது நானு."

மோகனராஜ் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கட்டவிழ்த்தார். பிறகு கிட்ட வந்தார். "எட்டா இருக்க ஏலாது," என்றார். "எட்டு நாலும் வெளிய கெடக்கு. இது ஒம்பது. அதக் கொஞ்சம் அங்கால இழுங்க."

"கொடையால இழுக்க வரல சேர். அழுத்திப் புடிச்சிக்கிட்டே நகத்தணும்," என்றாள் நிரஞ்சனி.

"எத்தன தரம் வழுக்குது! இழுங்க தங்கச்சி! இல்ல, அப்பிடியில்ல, விடுங்க, இஞ்ச தாங்க..."

மோகனராஜ் குனிந்து, மவுஸைக் கையால் பிடித்து, சீட்டை இழுத்தார். பொட்டுக்கு அடியிலிருந்து இஸ்பேட் ஒன்பது வெளியே வந்தது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

விளக்குத் திரி படபடத்தது. மோகனராஜ் தன் விரலைப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"தொட்டுட்டீங்க," என்றார் கறுப்பையா.

"கை தானாப் போயிட்டுது..."

"டிரக்டர் ஓட்டுனவனும் அதைத்தான் சொன்னான்."

"தலைவரே, இதுக்கு என்ன செய்யணும்?" என்று மோகனராஜ் கேட்டார். அதிகாரி குரல் போய்விட்டிருந்தது.

கறுப்பையாவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "தொட்டவர் காவல் இருக்கணும். படையல் பிரிக்கிற வரைக்கும் வெளக்கு அணையாமப் பாத்துக்கணும். தனியா."

மோகனராஜ் வெளியே போய் மனைவிக்கு ஃபோன் எடுத்தார். அந்தம்மாவின் குரல் லொறி வரைக்கும் கேட்டது. வீட்டுக்கு வரவே வேண்டாம், லெப்டொப்புக்கு ஏதும் ஆனால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பது சாரம்.

திரும்பி வந்தவரை நிரஞ்சனி வாசலில் மறித்தாள். "சேர், ஒருத்தர் பாவிச்சாங்களா இல்லையா?"

"பாவிச்சாங்க."

"ஒங்களயும் சேத்தா ரெண்டு பேரு."

அவர் முறைத்தார். பிறகு லொறியைப் பார்த்து, "பஹீம், வெறும் லொறியோட போங்க. ஆறும் இங்கதான்," என்றார்.

"சேர் எப்பிடி வருவீங்க?"

"காலையில பஸ்ல."

பஹீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு லொறியை எடுத்தார். மோகனராஜ் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பினார்.

"தலைவரே, தொட்டது தொட்டாச்சு. அந்த ஆட்டத்த முடிக்கலாமா?"

"என் ஆட்டம் சேர் அது!" என்று வேலாயி குடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். நிரஞ்சனி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மோகனராஜ் பதிலுக்கு நிற்காமல் உள்ளே நுழைந்தார். கறுப்பையா கதவைச் சாத்தினார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.