இடக் குழலில் வலப் பனை

வன்னியபெருமாள் கொண்டுவந்த கட்டுக்கு மேலே ஆத்தூர் வெற்றிலை இருந்தது. வெற்றிலைக்குக் கீழே வாழைச்சருகு, சருகுக்குள்ளே இரும்பு. துறைமுகப் பட்டறையில் ஃபோர்மேன் அவர். முத்தையாபுரத்தில் ஜீவமணியின் வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"கதவைச் சாத்துலே."

ஜீவமணி சாத்தினான். சருகைப் பிரித்ததும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்கள் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல்பட்டை முன்பக்கம் ஈயம் விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, லைசென்சு இல்லாம என் வீட்டுல துப்பாக்கி..."

"துப்பாக்கி எங்கலே இருக்கு? கட்டையும் விசையும் என் வீட்டுல கெடக்கு. இது ரெண்டு பைப்பு. பைப்பை ஈயம் வச்சுப் பத்த வைக்குததுக்கு எவன் லைசென்சு கேக்கான்?"

"போலீசுக்காரன் இதைப் பைப்புன்னு சொன்னா நம்புவானா?" என்றாள் ஞானபாய், அடுப்புக்கு முன்னாலிருந்து திரும்பாமல்.

"ஏலே, உன் பொஞ்சாதி கோர்ட்டுல பேச வேண்டியவ," என்றார் வன்னியபெருமாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஆடி மாதம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஜீவமணியும் கூட்டத்தோடு வெளியே வந்தான். மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கொடி பிடித்து முன்னால் நடந்த ஜீவமணி போன்றவர்களை மட்டும் பட்டறையில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் உப்பளத்தில் பெட்டி சுமக்கிறான். உள்ளங்கால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, வீட்டுக்குள்ளும் குதிகாலை ஊன்றாமல்தான் நடக்கிறான்.

"மார்கழி பொறந்ததும் வார ஞாயித்துக்கிழமை பெரிய துரை ஆத்தூர்க் குளத்துக்குத் தாரா சுட வாரார். நான்தான் கூட்டிட்டுப் போறேன். எங்கய்யா துப்பாக்கி இது. துரை முன்னால இது ஓட்டைத் தகரம் மாதிரி கொடகொடன்னு ஆடக் கூடாது. சரியாப் பண்ணிக் குடு. திங்கக்கிழமை நீ பட்டறைக்கு வந்துரு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." எழுந்துகொண்டே கேட்டார்: "துப்பாக்கி வேலை தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

"கொடி புடிச்ச கை. ஈயக்கட்டியையாவது ஒழுங்காப் புடி."

அவனுக்குத் துப்பாக்கி வேலை தெரியாது. கப்பல் விளக்கு, எண்ணெய் டின், மிதவையின் மூட்டு, இவை தெரியும். ஈயம் எங்கேயும் ஈயம்தானே என்று நினைத்தான்.

மறுநாள் உப்பளத்துக்குப் போகவில்லை. பட்டறையில் ஆசிட் ஊற்றித்தான் ஈயம் ஓட்டுவார்கள். கடல் காற்றில் அந்த ஆசிட் பட்டைக்கு அடியில் தங்கி இரும்பைத் தின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குப் பதிலாகத் தோணிக்குப் பூசுகிற குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் குழைத்துக்கொண்டான். இரண்டு கம்பிகளைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சி, குழலுக்கு ஒன்றாக உள்ளே செருகினான். சூடு உள்ளிருந்து வரும், முன்பக்கத்து ஈயம் மட்டும் இளகும், பட்டையை அமுக்கிப் பிடித்தால் வேலை முடிந்தது. இதுதான் அவன் கணக்கு.

சூடு முன்பக்கத்தோடு நிற்கவில்லை. மேல்பட்டை முழுக்க வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப்பட்டை தரையில் விழுந்து ஓசையிட்டது. பித்தளை வைத்து ஒட்டிய பின்முனையில் மட்டும் சேர்ந்திருந்து, இரண்டு குழல்களும் முன்பக்கம் வாய் பிளந்து நின்றன.

"என்ன சத்தம்?" என்றாள் ஞானபாய்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

ஆறவிட்டு, பழைய ஈயத்தைச் சுரண்டினான். பிறகு குழல்களைக் கையால் நெருக்கிப் பார்த்தான். பழைய ஈயத்தின் தடம் எங்கே இருக்கிறதோ அங்கே பட்டை சரியாக உட்கார வேண்டுமென்றால் முன்முனைகள் ஏறக்குறைய தொட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டுக்கம்பியால் அப்படியே கட்டி, கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்ச் சுவரின் மேல் வைத்து உள்ளே பார்த்தான். உப்பளத்துக்கு அப்பால் இரண்டு ஒற்றைப் பனைகள் தள்ளித் தள்ளி நின்றன. வலக் குழலில் இடப் பனை தெரிந்தது. இடக் குழலில் வலப் பனை தெரிந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். அப்படியேதான் இருந்தது.

"ஏளா, இங்கன வந்து பாரு."

ஞானபாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். "சோத்துக்கைக் குழல்ல பீச்சாங்கைப் பனை தெரியுது. இதுல என்ன?"

"தெரியலாமா? ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டு இல்ல போகுது?"

"இருந்த மாதிரியே வச்சிருங்களேன்."

"இருந்ததே கோணல்னா?"

அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. செய்தவன் இப்படித்தான் செய்தானா? நடுவில் எவனாவது கழற்றிக் கோணலாக ஒட்டினானா? உள்ளே அங்கங்கே ஈயம் கட்டிகட்டியாக இருந்ததைப் பார்த்தால் யாரோ கை வைத்த மாதிரியும் இருந்தது. அல்லது தானே இன்றைக்குச் சூட்டில் குழலை வளைத்துவிட்டானா? பாளையங்கோட்டையில் துப்பாக்கிக் கடை ஒன்று உண்டு. அங்கே போய்க் கேட்டால், உனக்குக் குழல் எப்படிக் கிடைத்தது என்று முதலில் கேட்பார்கள். வன்னியபெருமாளிடம் கேட்கலாம் என்றால், தெரியும் என்று சொல்லியாயிற்று.

அன்று முழுக்க முன்முனையை நெருக்குவதும் விரிப்பதுமாக இருந்தான். நெருக்கினால் பட்டை பொருந்தியது, பனை மாறியது. விரித்தால் பனைகள் தன் தன் பக்கத்துக்கு வந்தன, பட்டை பொருந்தவில்லை.

கடைசியில் வன்னியபெருமாளின் குரல்தான் முடிவு செய்தது. பட்டறையில் எந்த வேலையிலும் இரண்டு பைப்பு சேர்ந்து போனால் அவர் அடிமட்டத்தோடு வந்து நிற்பார். "தண்டவாளம் மாதிரிப் போகணும்லே! ஒரு நூல் சாஞ்சாலும் கழத்து!" என்று கத்துவார். ஜீவமணி அந்தக் கத்தலைப் பத்து வருஷம் கேட்டவன். அந்த மனிதர் இந்தக் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கத்தான் போகிறார்.

நடுவில் ஆணியை ஆப்பாக வைத்து விரித்து, இரண்டு குழல்களையும் நேராக நிறுத்தினான். பட்டையின் இரு ஓரத்திலும் விட்ட இடைவெளியை ஈயத்தால் நிரப்பி அரத்தால் ராவினான். முடிந்ததும் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினான். கணீரென்று கோயில் மணி மாதிரி ஒலித்தது. ஒலி நின்ற பிறகும் அவனுக்கு நிம்மதி வரவில்லை.

வன்னியபெருமாள் வந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குழலின் வாயில் அடிமட்டத்தையும் வைத்தார்.

"தண்டவாளம்லே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்க் குளத்துக்கு ஜீவமணியும் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். துரை முதலில் வன்னியபெருமாளைச் சுடச் சொன்னார். தாரா வாத்துகள் கூட்டமாக எழும்பி இடமிருந்து வலமாகப் பறந்தன.

"முன்னால போகுது பாரு, அதைத் தட்டுதேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார் வன்னியபெருமாள். வலக் குழல் வெடித்தது. ஒன்றும் விழவில்லை. இடக் குழல் வெடித்தது. முன்னால் போனது போய்க்கொண்டேயிருந்தது. அதற்கு இரண்டு பறவை பின்னால் வந்தது பொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

"குட் ஷாட்!" என்றார் துரை.

"பின்னால வந்ததுதான் சார் கொழுத்தது. அதான் அதைப் பார்த்து எடுத்தேன்," என்றார் வன்னியபெருமாள்.

ஜீவமணி தண்ணீரைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான். தான் சரிசெய்தானா, கெடுத்தானா? கெட்டுப்போன துப்பாக்கியில் தாரா விழுமா? சரியான துப்பாக்கியில் வேறு தாரா விழுமா? திரும்பி வரும் வழியெல்லாம் தாராவைச் சுமந்துகொண்டு இதையே யோசித்தான்.

திங்கட்கிழமை பட்டறையில் அவனுக்கு வேலை இருந்தது. அன்று சாயங்காலமே வன்னியபெருமாள் மறுபடியும் ஒரு வெற்றிலைக் கட்டோடு வந்தார்.

"ஏலே, இது துரையோட குழல். பட்டை முன்னால லேசா விட்டிருக்கு. நம்மதைப் பண்ணின ஆளே பண்ணட்டும்னு சொல்லிட்டார். அதே மாதிரிப் பண்ணிரு."

விடிந்ததும் ஜீவமணி அதைச் சுவரின் மேல் வைத்தான். யாரும் கை வைக்காத குழல் அது. ஈயம் மயிரிழை மாதிரி ஒரே கோடாக ஓடியது. கம்பெனி முத்திரை புதுசாக இருந்தது. கண்ணை வைத்தான். வலக் குழலில் இடப் பனை. இடக் குழலில் வலப் பனை.

"ஏளா!" என்று கூப்பிட்டான்.

ஞானபாய் பார்த்தாள். "பழைய கதைதான்," என்றாள்.

அப்படியானால் அப்படித்தான் செய்கிறார்கள். ஏன் என்பது விளங்கவில்லை. எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. ஆனால் கெடுத்தது தான்தான் என்பது விளங்கியது.

துரையின் குழலில் முன்முனைக்குக் கொஞ்சம் பின்னால் ஈரச் சாக்கைச் சுற்றி, சூடு அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, தூக்கியிருந்த இடத்தை மட்டும் ஒட்டினான். மற்றதைத் தொடவில்லை.

வாங்க வந்த வன்னியபெருமாள் கண்ணை வைத்ததும் முகம் சுளித்தார். "என்னலே இது? ஒண்ணுமேல ஒண்ணு சாயுது. நம்மது நேராத்தான இருந்துச்சு? கழத்து, கழத்திட்டு நேராக்கு."

ஞானபாய் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். திரும்பவும் உப்புப் பெட்டிதான் என்று ஜீவமணி நினைத்துக்கொண்டான்.

"கழத்த மாட்டேன் அண்ணாச்சி. இதுதான் சரி. உங்களுதும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு. எனக்குத் துப்பாக்கி வேலை தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். நேராக்கிக் கெடுத்துட்டேன். உங்களுதக் குடுங்க, பழைய தடத்துலயே திருப்பி ஒட்டித் தாரேன்."

வன்னியபெருமாள் குழலுக்குள் மறுபடியும் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"அப்ப அன்னைக்குத் தாரா எப்படிலே விழுந்துச்சு?"

"தெரியல அண்ணாச்சி. நீங்க முன்னால போனதுக்குல்லா வச்சீங்க."

"நானா? எப்ப சொன்னேன்?"

வன்னியபெருமாள் குழலைச் சருகில் வைத்துச் சுற்றினார். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

"ஏலே, அந்தத் தாராவைத் துரை தின்னு முடிச்சாச்சு," என்றார் மெதுவாக. "அவரோடது சீமையில செஞ்சது. அங்கன கோணலாத்தான் செய்வான் போல. நம்மது நேராவே இருக்கட்டும். நீ அதைத் தொடாத."

"அன்னைக்கு மாதிரி சுட்டா குறி பக்கத்துல சாயும் அண்ணாச்சி."

"நான் சாஞ்சு சுட்டுக்கிடுதேன். நாளைக்குச் சங்கு ஊதுமுன்ன வந்துரு. நாலாம் நம்பர் கப்பல் ஜெட்டியில பைப்பு போடணும்."

கட்டின் மேல் வெற்றிலையைப் பரப்பிக்கொண்டு அவர் போனார். ஜீவமணி கொல்லைப்பக்கம் போய் இரண்டு பனைகளையும் வெறுங்கண்ணால் பார்த்தான். இடது இடதாகவும் வலது வலதாகவும் நின்றன. சுவரின் மேல் கிடந்த தன் அடிமட்டத்தை எடுத்துத் துடைத்து, காலையில் கொண்டுபோகச் சாப்பாட்டுத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தான்.