மிலிட்டரி வீட்டுக்கு வராத சீட்டு

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்கு மூத்தவனான ராமராஜன் நான், ராணுவத்தில் பதினேழு ஆண்டு இருந்து ஓய்வு பெற்ற என் தம்பி டேனியல், கடைசித் தம்பி ஜோசுவா, அவன் மகள் சுகாசினி, எங்கள் தங்கை வீட்டுக்காரர் ராஜவேலு. வேறு யாரும் இல்லை.

ஜோசுவா வாலாஜாபாத்தில் அரிசி மில் லாரி ஓட்டுகிறான். முன்பு பிராந்திய ராணுவத்திலும் இருந்தான். ஆண்டுக்குச் சில வாரம் பயிற்சி, கூப்பிட்டால் பணி. சுதந்திர தினத்தில் எங்கள் தேவாலய வாசலில் கொடியேற்றும்போது டேனியலும் அவனும் பதக்கமும் தொப்பியுமாகச் சேர்ந்து நிற்பார்கள். ஜோசுவாவின் சட்டைக்கு டேனியல்தான் இஸ்திரி போடுவான். தெருவே எங்களை மிலிட்டரி வீடு என்றது.

ஆகவே சுகாசினிக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வில் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு உண்டு என்று நம்பியிருந்தோம். அன்று காலைதான் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இல்லை என்றார்கள். டேனியலின் பிள்ளைக்கு ஒதுக்கீடும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. ஜோசுவாவுக்குப் பென்ஷன் வருமளவு தொடர்பணி இல்லை; அதனால் அவன் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. டேனியலுக்கோ பிள்ளையே இல்லை.

"இன்னாபா இது! ஒருத்தங்கிட்ட சோறு இருக்குது, துன்ன ஆளில்ல. இன்னொருத்தங்கிட்ட ஆளு இருக்குது, சோறில்ல" என்றார் ராஜவேலு. "பொண்ண டேனியல் பேர்ல தத்துன்னு காட்டிடலாம்பா."

எனக்குச் சுருக்கென்றது. நான் வாய் திறக்குமுன் டேனியல் பேசினான். "எனக்குச் சம்மதம்ணே. ரெண்டு பட்டாளத்துக்கும் சலுகை வேற வேறன்னு எனக்கு அப்பவே தெரியும். இவன் சேந்துட்டு சந்தோசமா வந்து நின்னான். எல்லாம் ஒண்ணுதான்டான்னு சொல்லிட்டேன்."

ஜோசுவா தலை நிமிரவில்லை. "அப்டியே செய்ங்க. என்னால அவ சீட்டு போவ வாணாம்."

மறுக்க நினைத்த நானும் அந்த முகத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டேன்.

சுகாசினிதான் மறுத்தாள். "வாணாம் பெரியப்பா. அப்பா பேர எடுத்துட்டு, ஆகஸ்ட் பதினஞ்சுக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவீங்க? என் மார்க்குக்கு வர்றது வரட்டும்."

"ரோசம் மட்டும் ஒதுக்கீடு இல்லாமலே வந்துடுதும்மா இந்த வீட்டுக்கு" என்றார் ராஜவேலு. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

அவள் மார்க்குக்கு இன்ஜினியரிங் வரவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். கொடியேற்றத்துக்கு டேனியல் வழக்கம்போல் தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

தம்பி மகளுக்குத் தன் பேரைத் தர டேனியல் மறுத்துவிட்டான் என்று பக்கத்து ஊர் ஓரிக்கையில் பேசிக்கொள்கிறார்களாம். பொய். அவன் தந்தான். அவள் வாங்கவில்லை.