பன்னிரண்டா, இருபத்துநாலா?

லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன் சும்மா கிடப்பாரா? ஒரு பழைய வேனை வாங்கி வாசலில் நிறுத்தி, ஊர் சுற்ற அதையே வீடாக்கிக்கொண்டிருந்தார். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் ஆயிற்று. பாக்கி கரண்ட் ஒன்றுதான். அதற்கு வந்த எலக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வியைப் போட்டான்.

"பேட்டரி பன்னெண்டு வோல்ட்டா, இருபத்துநாலாண்ணே?"

"எதுப்பா நல்லது?"

"என்னென்ன ஓடணும்னு சொல்லுங்க. லைட்டு, ஃபேன், தண்ணி மோட்டார்னா பன்னெண்டு தாராளம். பெரிய சாமான்னா அதுல கரண்ட் ரொம்ப இழுக்கும், விரல் மொத்தத்துக்கு ஒயர் போடணும். இருபத்துநாலுல பாதிதான் இழுக்கும்."

டிரைவருக்கு இருபத்துநாலின் மேல்தான் கண். பெரியது என்றாலே அவருக்கு வாயில் தண்ணீர் ஊறும். இருந்தாலும் ஒரு பேச்சுக்கு, டீ கொண்டுவந்த மனைவியிடம், "நீ என்ன சொல்றே?" என்றார். யாருடைய சட்டையையோ பாதித் தையலில் விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு வந்திருந்தாள் அவள்.

"ஒரு ஆளுக்குப் பன்னெண்டு போதாதா?"

டிரைவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஒரு ஆளா? நீ வரலையா?"

"வர்றேன்னு எப்போ சொன்னேன்? வேன் வாங்கினீங்க, கட்டில் அடிச்சீங்க, மெத்தை உறைகூட என்கிட்டதான் தைச்சு வாங்கினீங்க. வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். இவ்வளவு நிதானமாகச் சொன்னதில் பயந்துபோனார். லாரியில் போன காலமெல்லாம் அவளைத் தனியே விட்டவர். இனி சேர்ந்தே போவோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதை, அவளிடமே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் விவரமானவன். டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் புகுந்துவிட்டான்.

"தப்புதான். நீ இல்லாம எனக்கு எந்த ஊரும் வேண்டாம். இப்போ கேக்கிறேன், வர்றியா?"

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் அவர் தான் உட்கார்ந்து வர ஆசை ஆசையாகப் பொருத்தியிருந்த சாய்வு நாற்காலியைக் காட்டி, "இது எடத்தை அடைக்குது" என்றாள். பிறகு குனிந்து, வெளியே நீட்டியிருந்த கால்களிடம் பேசினாள்.

"தம்பி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி ரெண்டும் எதுல ஓடும்?"

"இருபத்துநாலு போட்டாத்தான் நல்லதுக்கா."

"அப்போ அதையே போட்டுடுங்க."

நாற்காலியைக் கழற்ற டிரைவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். கண் கலங்கியிருந்ததில் எதிரே கிடந்தது தெரியவில்லை.