லெம்னோஸுக்குப் போன சிவப்பு நூல்

1.

இந்தக் கதை ஒரு போனில் தொடங்கியது. என் தங்கை கிரேஸின் கணவர் ஜெபகுமார் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். "லெம்னோஸ்னு ஒரு தீவு மச்சான். அதுக்கிட்ட நங்கூரம் போட்டுக்கினு நிக்கிறோம். ஜலசந்திக்குள்ள போக எங்க முறை வரணும்" என்றார்.

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற ஊர். ஆனாலும் அந்தத் தீவு என்னைப் பிடித்துக்கொண்டது.

1912 அக்டோபரில், பால்கன் போரில், கிரேக்கக் கடற்படை துருக்கியரிடமிருந்து லெம்னோஸைக் கைப்பற்றியது. கணக்கு எளிது. டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள் இருக்கும் துருக்கிக் கப்பல்கள் வெளியே வந்தால் எதிரே இவர்கள் நிற்க வேண்டும். எலி வளை வாசலில் பூனை. பூனைக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே, அதுதான் தீவு.

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'பீரங்கிகள் முழங்க, வானமே

வேண்டாம். (எனக்கு ஊர்வல வெடிச் சத்தமே ஆகாது.)

இரண்டாவது: 'ஜலசந்தியின் வாயைப் பார்த்துவர ஒரு மாலுமியைக் கப்பலிலிருந்து தனிப் படகில் அனுப்பினார்கள்.' இது இருக்கட்டும். (இப்படி ஒருவன் வரலாற்றில் இல்லை. என் கற்பனை.)

2.

அந்த மாலுமி பிடிகொடுக்கவே இல்லை. எந்தப் பெயரும் அவனுக்கு ஒட்டவில்லை. கடைசியில் அவன் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டு நூலைக் கட்டினேன். உடனே உயிர் வந்துவிட்டது.

நூல் ஜெபகுமாருடையது. கிரேஸ் தறிகளுக்குப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், பிணைப்பவள். சேலையை அறுத்தெடுக்கும்போது பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவை அதோடு இழை இழையாக இவள் முறுக்கிச் சேர்ப்பாள். அப்படி மிஞ்சிய ஓர் இழையைத்தான் கணவன் கையில் கட்டி அனுப்பியிருந்தாள்.

கதையைப் படித்ததும் அவள் முகம் மாறியது. "அது அவரு நூலுண்ணா. செத்தவன் கையில ஏன் கட்டின?"

"அவன் இன்னும் சாகலமா."

"நூறு வருசத்துக்கு முன்னாடி இருந்தவன் சாகாம?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

3.

முடிவு அ: படகு திரும்பியது. (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: பனிமூட்டம். படகு திரும்பவில்லை.

ஆ-வை எழுதி முடித்த மதியம் கிரேஸ் போனோடு ஓடிவந்தாள். ஜெபகுமாரின் குரல் பதிவு. "கிரேஸு, கையில கட்டின நூலக் காணோம்மா. கப்பல் பக்கத்துல ஒரு துடுப்புப் படகு நிக்குது. உள்ள ஒருத்தன் கையத் தூக்கிக் காட்டிக்கினே இருக்கான். கேப்டன் என்னை போட்ல எறங்கிப் பாத்துட்டு வரச் சொல்றாரு. ஒரே பனியா இருக்குது..."

அவ்வளவுதான். பிறகு கூப்பிட்டால் மணியே போகவில்லை.

"அழிண்ணா. திரும்பி வந்துட்டாருன்னு எழுது."

ஆ-வை அழித்தேன். 'படகு திரும்பியது' என்று அடித்தேன். பயந்துவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

கிரேஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படகு வந்துச்சி, சரி. படகுல வந்தது யாரு?"

4.

இதுதான் நிலைமை. 'மாலுமி' என்று எழுதினால் எந்த மாலுமி? சரியென்று ஜெபகுமாரின் பெயரையே எழுதிப் பார்த்தேன். அவர் ஏறியது 1912-ஆம் வருஷத்துக் கப்பலில். என் கதையில் வேறு கப்பல் இல்லை.

அதனால் முழுதாக அறுக்காமல் விடுகிறேன். நுனி உங்கள் பக்கம் இருக்கிறது. எந்த ஆள், எந்தக் கப்பல் என்று பார்த்துப் பிணையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இப்போது போன் அடிக்கிறது, திரையில் ஜெபகுமாரின் பெயர், கிரேஸ் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

"நீ மொதல்ல முடிண்ணா. அப்பறம் எடுக்கறேன்."

படகு வந்து கப்பலின் விலாவில் முட்டியது. ஏணியில் முதலில் ஒரு கை தெரிந்தது. அதன் மணிக்கட்டில்