தூசியில் இருந்த ‘இல்லை’

என் தம்பி வீட்டில் மராமத்து முடிந்து, மேஸ்திரியும் தச்சரும் பெயிண்டரும் அவரவர் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் விட்டுப்போனது தூசி. எனக்கு விட்டுப்போனது தம்பியையும் அவன் மனைவியையும்.

வேலை முடியும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணிக் கூப்பிட்டவள் நான்தான். அனுபவித்தவர் என் வீட்டுக்காரர். தம்பி கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டான். அவன் மனைவி என்னோடு அறையில் படுத்தாள். மடக்குக் கட்டிலோடு பால்கனிக்குப் போன என் வீட்டுக்காரர், கொசுக்களுக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அங்கேயே குடியேறிவிட்டார்.

வேலைதான் முடிந்ததே, கிளம்ப வேண்டியதுதானே என்றால், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு சுவிட்ச்.

படுக்கையறை ஃபேனுக்கு சுவிட்ச் எங்கே வைப்பது என்று எலெக்ட்ரீஷியன் கேட்டபோது, தம்பி போனில் யாரிடமோ பேசிக்கொண்டே “அங்க” என்று பொதுவாகக் கையை ஆட்டியிருக்கிறான். அதே நேரம் அவன் மனைவி, மிக்சி எங்கே வரும் என்று மேஸ்திரிக்குக் காட்ட, சமையலறைச் சுவரைத் தொட்டு “இங்க” என்றிருக்கிறாள். எலெக்ட்ரீஷியன் வம்புதும்புக்குப் போகாத மனிதர். அவள் தொட்ட இடத்திலேயே வைத்துவிட்டார். மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. ஆக, படுக்கையறையில் படுத்திருப்பவருக்குக் காற்று வேண்டுமென்றால் சமையலறையில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

“தப்பு தன் மேலதான்னு அவர் ஒத்துக்கட்டும் அண்ணி, அப்புறம் அந்த வீட்டுக்குப் போறேன்” என்றாள் அவள்.

“சுவரைத் தொட்டது யாருக்கா? அவ ஒத்துக்கட்டும்” என்றான் இவன்.

நடுவில் நான். “அக்கா, அவகிட்ட உப்பை நகர்த்தச் சொல்லு” என்பான். அவள் அவனுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். உப்பு இருப்பது என் முன்னால். “சொந்தக் கை இல்லையான்னு கேளுங்க அண்ணி” என்பாள். இப்படியே போனால் நானும் ஒரு மடக்குக் கட்டில் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போக வேண்டியதுதான். வீட்டைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டால் கிளம்ப மாட்டோம் என்று சொல்ல இவர்களுக்கு முகம் இருக்காது என்று நினைத்தேன். மாப்பு, பக்கெட், பழைய துணி மூட்டை சகிதம் இருவரையும் ஓட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் எனக்கே தலை சுற்றியது. சுவரில் பூசிய பட்டியைத் தேய்த்த வெள்ளைத் தூள், டைல்ஸ் அறுத்த சிவப்புத் தூள், தச்சர் இழைத்த மரத்தூள், எல்லாவற்றுக்கும் மேல் சிமெண்ட். சாப்பாட்டு மேஜை, அலமாரிக் கண்ணாடி, ஃபிரிட்ஜ், ஜன்னல், ஒன்றையும் விடவில்லை. எடுத்த எடுப்பில் ஈரத்துணி வைத்தால் எல்லாம் மாவாகி அப்பிக்கொள்ளும். அதனால் முதலில் உலர்ந்த துணி, மேலேயிருந்து கீழே, தரை கடைசியில் என்று சட்டம் போட்டேன். மூவரும் மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டோம். போன்களைத் தூசி படாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன்.

தம்பி ஃபேன் இறக்கையைத் துடைக்க ஏணியில் ஏறினான். “அக்கா, அவகிட்ட ஏணியைப் பிடிக்கச் சொல்லு.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க அண்ணி.”

எனக்கு வந்ததே கோபம். “இன்னிக்கு என் வாய்க்கு லீவு. என்ன சொல்லணுமோ எழுதிக் காட்டிக்கோங்க” என்றேன்.

அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் தெரிந்தது. தம்பி ஏணியிலிருந்து இறங்கி, நேராக ஃபிரிட்ஜுக்குப் போய், தூசியில் விரலால் எழுதினான்: ‘ஏணி ஆடியது.’ அவள் அதைப் படித்துவிட்டு ஜன்னல் கண்ணாடியில் எழுதினாள்: ‘ஆடியது ஏணி அல்ல, தாங்கள்.’ சண்டை என்று வந்துவிட்டால் இருவருக்கும் செந்தமிழ் பொங்கிவிடும்.

நான் ஜன்னலைத் துடைக்கப் போனேன். “அண்ணி, அதை அவர் இன்னும் படிக்கல” என்றாள். ஃபிரிட்ஜுக்குப் போனேன். “அக்கா, பதில் எழுத இடம் வேணும்” என்றான். நான் துணியை வைக்கிற இடத்திலெல்லாம் ஏதோ ஒரு வாக்கியம் படிக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தது. துடைக்க வந்த வீட்டில் தூசிக்குக் காவல் நின்றேன்.

கடைசியில் தம்பி சாப்பாட்டு மேஜையைப் பிடித்தான். குனிந்து நின்று, பெரிய எழுத்தில், ‘தப்பு என் மேல் இல்லை’ என்று எழுதிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனான். அதே நேரத்தில் படுக்கையறையில் அவள், அலமாரிக் கண்ணாடியில் ‘மன்னிக்க முடியாது’ என்று எழுதிவிட்டுத் திரைச்சீலைகளை உதற மாடிக்குப் போனாள். இவன் எழுதியதை அவள் பார்க்கவில்லை, அவள் எழுதியதை இவன் பார்க்கவில்லை.

மேஜை முன்னால் துணியோடு நின்றேன். இன்று இது இப்படியே முடிந்தால் இரவு மறுபடியும் என் கூடம், என் அறை, என் வீட்டுக்காரரின் கொசு. நான் எதற்கு வந்தேன்? துடைக்கத்தானே? ஒரே இழுப்பில் ‘இல்லை’யைத் துடைத்தேன். ‘தப்பு என் மேல்’ என்று பவ்யமாக மேஜை நின்றது.

அலமாரியில் கொஞ்சம் கூடுதல் வேலை இருந்தது. ‘முடியாது’வைத் துடைத்தேன். ‘மன்னிக்க’ என்று அந்தரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் என் விரலால் ‘வும்’ என்று சேர்த்தேன்.

அவள் முதலில் வந்தாள். மேஜையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கமாகவே படுக்கையறைக்குப் போன தம்பி, அலமாரி முன்னால் பக்கெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் இடுக்கைச் சுரண்டுவதில் மும்முரமானேன்.

“டீ போடட்டுமா உங்களுக்கு?” என்று அவள் உள்ளே பார்த்துக் கேட்டாள்.

“நீ களைச்சிருப்ப. நானே போடறேன்” என்றான் தம்பி.

தனித்தனியாக என் காதில் வந்து ஓதவும் செய்தார்கள். “பாத்தியாக்கா, அவளே இறங்கி வந்துட்டா. நானும் பெருசு பண்ணல.” “ஒத்துக்கிட்டார் அண்ணி. பாவம், விட்டுடலாம்.” இருவரும் ஜெயித்த களிப்பில் ஒருவரை ஒருவர் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். நான் பறந்து பறந்து மேஜையையும் அலமாரியையும் தடயமில்லாமல் துடைத்தேன். சாயங்காலம் வீடு பளபளத்தது. வாசல் கதவின் வெளிப்பக்கம் மட்டும் பாக்கி. அதற்கு என் கையில் தெம்பு இல்லை. மாப்பையும் பக்கெட்டையும்கூட மறந்து போட்டுவிட்டு வந்தேன். அன்றே அவர்கள் பெட்டியோடு கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பால்கனியிலிருந்து உள்ளே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் மதியம் போன் வந்தது. இரண்டு குரலும் சேர்ந்து கேட்டது.

“அக்கா, நான் தப்பு என் மேல் இல்லைன்னு எழுதினேன். இவ அங்க ‘இல்லை’ இல்லவே இல்லைங்கறா.”

“நான் மன்னிக்க முடியாதுன்னு எழுதினேன் அண்ணி. இவர் மன்னிக்கவும்னு படிச்சாராம்.”

“தூசிதானே, காத்துல கலைஞ்சிருக்கும்” என்றேன்.

“காத்து ‘வும்’னு எழுதுமா அண்ணி?”

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா, நாங்க இனிமே உன்கூடப் பேசறதா இல்லை” என்றான்.

நாங்க. இத்தனை நாளும் அவன் நான் என்றான், அவள் நான் என்றாள். இப்போதுதான் முதல்முறையாக நாங்க. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்க என் வீட்டில் தூசியும் இல்லை. கோபத்தில் போனை அணைக்க மறந்திருந்தார்கள். “நான் கொஞ்சம் படுக்கறேன், ஃபேனைப் போடுங்க” என்று அவள் சொல்வதும், சமையலறையிலிருந்து அவன் “எத்தனையில வைக்க?” என்று கத்துவதும் கேட்டது.

இரண்டு நாள் என் வீடு அமைதியாக இருந்தது. உப்பை நகர்த்தச் சொல்ல ஆளில்லை. எனக்கே சகிக்கவில்லை. மாப்பும் பக்கெட்டும் அங்கேதானே இருக்கின்றன என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசல் கதவில், நான் துடைக்காமல் விட்ட தூசியில், தம்பியின் கையெழுத்து: ‘அக்கா உள்ளே வர வேண்டாம்.’ அதற்குக் கீழே அவளுடையது: ‘அண்ணியும்தான்.’

அக்காவும் நான்தான், அண்ணியும் நான்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து ‘வேண்டாம்’ என்பதைத் துடைத்தேன். அந்த இடத்தில் ‘வும்’ என்று எழுதினேன். கீழே இருந்ததில் கை வைக்கத் தேவைப்படவில்லை.

பிறகு மணியை அடித்தேன்.