கருணாகரனின் காயில்

கருணாகரன் வீட்டு ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் பிடிக்கும் சிற்றலைக் காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, வெட்டியவன் நான்தான். ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்த பிறகு வெளிநாட்டுச் செய்தி கேட்கக் கூடாது என்று உத்தரவு. எங்கள் காஜா பெராங் பகுதி ரேடியோக்களை வெட்டும் வேலை எனக்கு வந்தது. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரின் இரண்டு கம்பியையும் காயிலில் வைத்தும் பார்ப்பேன். முள் அசையாவிட்டால் நல்லது. எகிறினால், வெட்டியதை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கருணாகரன் வீட்டில் எகிறியது, போலீஸ் சார்ஜன் கண் முன்னாலேயே. மனிதரை வாசலில் முட்டி போட வைத்து அடித்து, ரேடியோவோடு லாரியில் ஏற்றினார்கள். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. என் வேலைக்கல்லவா கெட்ட பெயர்.

மறுநாள் பட்டறையில் மீட்டரைத் தூக்கினேன். எதையும் தொடாமலே முள் எகிறியது. வேலை முடிந்ததும் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி மீட்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது என் பழக்கம். கட்டிக் கட்டி ரப்பர் வெடித்து, உள்ளே செம்பும் செம்பும் உரசிக்கொண்டிருந்தன. கருணாகரன் வீட்டில் முள் எகிறியதும் இதனால்தான்.

அன்று மத்தியானமே சார்ஜன் அந்த ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். கருணாகரனின் மனைவி சிவகாமசுந்தரி ஸ்டேஷன் வாசலை விட்டு நகர மறுக்கிறாளாம். காலையில் அவள் முன்னால் மறுபடி சோதிக்க வேண்டுமாம்.

வெடிப்பில் டேப் சுற்றினேன். மீட்டர் சரியாகிவிட்டது. ரேடியோவில் வைத்தேன், முள் அசையவில்லை. நான் வெட்டியது வெட்டியபடியே இருந்தது.

உண்மையைச் சொன்னால் கருணாகரன் வீட்டுக்குப் போவார். அவர் முட்டி போட்ட இடத்தில் நான் போட வேண்டும். போன மாதம் இதே மீட்டர் காட்டியதை நம்பி அவர்கள் பிடித்துக்கொண்டுபோன பொன்னுதுரை திரும்பவே இல்லை. அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். நான் கோழை, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

சூட்டுக்கோலைக் காய்ச்சி, வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து ஈயம் வைத்தேன். புது ஈயம் பளபளத்தது. விளக்குக் கரியைத் தேய்த்துப் பழசாக்கினேன். வேலை சுத்தமாக வந்தது.

காலையில் ஸ்டேஷனில் முள் எகிறியது. சார்ஜன் தலையாட்டினார்.

“மீட்டர்தான் கெட்டு ரோசாக்கா இருக்கும், தியாகண்ணே. நீங்கதானே வெட்டினீங்க, சொல்லுங்கண்ணே” என்றாள் சிவகாமசுந்தரி.

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. நான் வெட்டினத யாரோ ஒட்டியிருக்காங்க லா.”

அவள் குனிந்து காயிலைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இந்த ஊர்ல ஈயம் வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தானேண்ணே.”

தமிழில் சொன்னதால் சார்ஜனுக்குப் புரியவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, “துவான்” என்று மலாயில் ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டேன். புருஷன் ஒட்டியது தனக்கும் தெரியும் என்று இப்போதுதான் ஒத்துக்கொண்டாள், துவான் என்றேன். அவள் கத்துவதற்குள் வாயில் அறை விழுந்தது.

அவளையும் உள்ளே இழுத்துப் போனார்கள். நான் மீட்டரின் கம்பிகளை மடித்து வைத்தேன், இந்த முறை முறுக்காமல்.