யார் காலும் இல்லாத தொட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போலி அறிவியலை அடையாளம் காண்பது எப்படி என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்றால் உஷார். டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்றால் இன்னும் உஷார்' என்று இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரிக்கு உதாரணம் தேவைப்பட்டது. உதாரணமாகக் கமலநாதன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

2

மலேசியாவின் தங்காக் ஊரில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அந்த நச்சு நீக்கும் நிலையம். உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் மின்கம்பியை இறக்கி, காலை வைக்கச் சொல்வார்கள். தண்ணீர் பழுப்பாகும். உடம்பிலிருந்து இறங்கிய நச்சாம். சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் அதோடு போய்விடுமாம்.

கமலநாதனுக்கு மனைவி இல்லை, மகன் சிங்கப்பூரில். [அரதப் பழசான வாக்கியம். என்ன செய்ய, அவருக்கு அப்படித்தான்.] பாவம், விவரம் தெரியாமல் ஏமாந்து—

3

அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் ஏமாறவில்லை. ஒருநாள் சீக்கிரமே போனவர் பார்த்துவிட்டார்: யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டுப் போன தொட்டியில், யார் காலும் இல்லாமலே தண்ணீர் பழுப்பாகிக்கொண்டிருந்தது. [கம்பிதான் துருப்பிடிக்கிறது. கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.]

பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அங்கே வேலை செய்யும் ஷாமளா அவர் காலை மடியில் வைத்து ஈரம் துடைத்துவிடுவாள். மனைவி போன பிறகு அவரை வேறு யாரும் தொட்டதில்லை.

4

இன்று துணியில் ரத்தம். குதிகாலில் புண்.

"அங்கிள், வலிக்கலையா?"

"எங்கேம்மா?"

சர்க்கரை நோய் அவர் காலை மரத்துப்போகச் செய்து நாளாகிறது. நிலையத்தை நடத்தும் குணாளன் எட்டிப் பார்த்தார்.

"அலமாக், பயப்படாதீங்க அங்கிள். நச்சு வெளிய வருதுலா! குணமாகுதுன்னு அர்த்தம். மாத்திரைய நிப்பாட்டிடுங்க."

[நோய் முற்றினாலும் அதுவே குணத்துக்குச் சாட்சி! நான் தேடிய மூன்றாவது வரி. கிடைத்தும் சந்தோஷமில்லை.]

குணாளன் நகர்ந்ததும் ஷாமளா குரலைத் தாழ்த்தினாள். "மாத்திரைய விட்ராதீங்க அங்கிள். இப்பவே கிளினிக் போங்க. இனிமே இங்க வராதீங்க."

5

முதல் முடிவு: கிளினிக்குக்குப் போகிறார். கால் பிழைக்கிறது. கையுறை போட்ட நர்ஸ் கட்டுப்போட்டு அனுப்புகிறாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இரண்டாவது: அடுத்த வாரமும் மாடி ஏறுகிறார், பிறகு ஒருநாள் அந்தக் கால்—

முடியாது. அதை நான் எழுத மாட்டேன்.

கமலநாதன் இப்போது படிக்கட்டின் அடியில் நிற்கிறார். கிளினிக் எதிர்ச்சாரியில்தான். போலியின் அறிகுறிகளை நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், எல்லாம் தெரியும். கூட வருகிறீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.